விடையில் இருக்கும் சொல்லைத் தேடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் அத்தை ஒருநாள் காலையிலேயே போன் செய்தார். "ஏங்கண்ணு, போன வருசம் கட்டுன இன்சூரன்ஸ் ரசீது வேணும்ங்கறாரு ஆடிட்டர். மெயில்லதான் வந்துச்சு. அரை மணி நேரமாத் தேடறேன், காணோம்."

என்ன அடித்துத் தேடினீர்கள் என்று கேட்டேன். 'இன்சூரன்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறார். வந்து குவிந்தவை நூற்றுக்கணக்கான மெயில்கள். காருக்குப் பாலிசி எடுங்கள், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுங்கள், இன்றே கடைசி நாள் என்று எல்லாம் விளம்பரம். அவருக்கு வேண்டிய ரசீது அந்தக் கூட்டத்தில் இல்லவே இல்லை. பிறகு நாங்கள் அதைக் கண்டுபிடித்தபோது காரணம் தெரிந்தது. அந்த மெயிலில் 'இன்சூரன்ஸ்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரவில்லை. 'ரினியூவல் பிரீமியம் ரெசீப்ட்' என்று தலைப்பு, கீழே பாலிசி எண், ஒரு பிடிஎஃப். அவ்வளவுதான்.

அத்தை தன் மனதில் இருந்த சொல்லை அடித்தார். மெயிலில் இருந்ததோ அதை அனுப்பியவரின் சொல். தேடல் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: நமக்கு வேண்டிய விடையை எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டு எழுதியிருப்பார் என்று யோசித்து, அந்தச் சொல்லை அடிக்க வேண்டும். மெயிலுக்கும் இணையத்துக்கும் இது பொது.

ஏன் அப்படி என்பது, தேடுபொறி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் புரியும். ஆய்வு நூல்களின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். 'காவிரி: 12, 47, 203' என்று, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். சங்க இலக்கியம் முழுமைக்கும் இப்படிச் சொல்லடைவு தயாரித்த அறிஞர்கள் நம்மிடம் உண்டு. தேடுபொறி செய்வதும் அதே வேலைதான். இணையப் பக்கங்களை முன்கூட்டியே படித்து, சொல்வாரியாகப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறது. நீங்கள் இரண்டு சொல் அடித்தால், இரண்டு பட்டியல்களையும் எடுத்துப் பொதுவாக உள்ள பக்கங்களைப் பொறுக்குகிறது. ஒரு நொடிக்குள் விடை வருவது இதனால்தான். அடித்த பிறகு அது உலகம் முழுக்க ஓடிப் பார்ப்பதில்லை; ஏற்கெனவே போட்டு வைத்த பட்டியலைப் புரட்டுகிறது.

பொறுக்கிய பக்கங்களில் எதை முதலில் காட்டுவது? இங்கே ஓர் அழகான கருத்து இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற அம்மையார் 1972-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். எல்லா ஆவணத்திலும் வரும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது அதன் சாரம். 'இந்த', 'வேண்டும்', 'எப்படி' எல்லாம் கோடிக்கணக்கான பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை வைத்து எதையும் பிரித்தெடுக்க முடியாது. 'கரும்பூசணம்' (ஓலையில் படர்ந்து அதைக் கறுக்க வைக்கும் பூசணம்) சில பக்கங்களில்தான் இருக்கும். அதை அடித்தாலே பாதி வேலை முடிந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் தேடல் கருவிகளில் இந்தக் கருத்து உயிரோடு இருக்கிறது. இதற்கு மேல், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பரிந்துரைபோல எண்ணிப் பார்க்கும் முறையை ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டுவந்தார்கள். 1998-இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம்தான் கூகுள்.

உங்கள் மெயில் பெட்டியில் இந்தப் பரிந்துரை வசதி கிடையாது. ரசீதுக்கு யாரும் இணைப்புக் கொடுப்பதில்லை. அங்கே நீங்கள்தான் குறிப்புக் கொடுக்க வேண்டும்.

மெயிலில் தேடுவது

மெயில் தேடலில் நமக்கு ஒரு பெரிய வசதி: தேடும் பொருள் கண்டிப்பாக அங்கே இருக்கிறது, ஒருமுறை கண்ணிலும் பட்டிருக்கிறது. யார் அனுப்பினார், ஏறக்குறைய எப்போது, கூடவே ஏதாவது கோப்பு வந்ததா என்ற மூன்றில் இரண்டேனும் நினைவிருக்கும். பொருளை மறந்தாலும் ஆளையும் காலத்தையும் நாம் மறப்பதில்லை. அந்த நினைவைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஜிமெயிலை வைத்தே சொல்கிறேன். 2004 ஏப்ரல் 1 அன்று அது வந்தபோது, மற்றவர்கள் இரண்டு, நான்கு எம்பி இடம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ஜிபி கொடுத்தது. மெயிலை அழிக்கவும் வேண்டாம், அடுக்கி வைக்கவும் வேண்டாம், தேடி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் அடிப்படை எண்ணம். இருபது ஆண்டு கழிந்தும், தேடல் பெட்டிக்குள் ஒற்றைச் சொல்லைத் தவிர வேறெதையும் அடிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாமலே இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அத்தையின் ரசீதை எடுத்த கதைக்கு வருகிறேன். நிறுவனத்தின் பெயர் அத்தைக்குத் தெரியும். ஆகவே முதலில் அனுப்பியவர். ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நிறுவனத்தின் பெயர். (இந்தக் கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அடித்தால் வேலை செய்யாது. இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.) நூற்றுக்கணக்கில் இருந்தது நாற்பதாகக் குறைந்தது. ரசீது என்றால் கோப்பு கூட வந்திருக்கும். அதனால் 'ஹேஸ்:அட்டாச்மென்ட்' என்று சேர்க்கச் சொன்னேன். பதினொன்று. ஆடிட்டர் கேட்டது ஒரு நிதியாண்டுக்கான ரசீது, அதாவது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 'ஆஃப்டர்:2024/04/01 பிஃபோர்:2025/04/01'. இரண்டே மெயில்தான் மிஞ்சின. ஒன்று பாலிசிப் பத்திரம், மற்றது ரசீது. மறுமுனையில் அத்தை, "அட, இங்கதான் இருந்துருக்குது!" என்றார்.

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுப்பதே நல்லது என்பதை மட்டும் மறக்காதீர்கள். நாம் நாளை முதலில் எழுதிப் பழகியவர்கள், அங்கேதான் தடுமாறும்.

கட்டளையெல்லாம் மனப்பாடம் செய்யப் பொறுமையில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் கோடுகள் போட்ட ஒரு சின்னம் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு படிவம் விரியும்: யாரிடமிருந்து, யாருக்கு, தலைப்பில் என்ன சொல், எந்தத் தேதியை ஒட்டி, அட்டாச்மென்ட் உண்டா. நிரப்பினால் போதும். செல்போனில் தேடத் தொடங்கியதும் பெட்டிக்குக் கீழே இதே விஷயங்கள் சின்னச் சின்னப் பொத்தான்களாக வரிசையில் நிற்கும். நான் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தப் பொத்தான்களிலிருந்துதான் தொடங்குகிறேன்.

எண்கள் மெயில் தேடலின் தங்கம். ரயில் டிக்கெட்டின் பத்து இலக்க பிஎன்ஆர், பாலிசி எண், ஆர்டர் எண், மின் இணைப்பு எண் இவையெல்லாம் உலகில் உங்கள் மெயிலைத் தவிர வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாத 'சொற்கள்'. மேலே சொன்ன அபூர்வச் சொல் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை. கையில் எண் இருந்தால் வேறெதையும் அடிக்காதீர்கள், எண்ணை மட்டும் முழுதாக அடியுங்கள். முழுதாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஜிமெயில் பெரும்பாலும் சொல்லை முழுச் சொல்லாகத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் கொடுத்தால் கைவிரித்துவிடும்.

எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை என்றால்? ஸ்பேம், குப்பைத்தொட்டி இரண்டையும் ஜிமெயில் சாதாரணமாகத் தேடாது. 'இன்:எனிவேர்' என்று சேர்த்தால் அவற்றிலும் தேடும். ஆனால் இரண்டிலும் உள்ள மெயில்கள் 30 நாளில் தாமாக அழிந்துவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது ஸ்பேமைப் பார்ப்பது அவசியம். நேர்காணல் தேதி கடந்த பிறகு அழைப்புக் கடிதத்தை ஸ்பேமில் கண்டெடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அவன் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால் 'லார்ஜர்:10எம்' என்று அடியுங்கள். பத்து எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வந்து நிற்கும், வேண்டாதவற்றை அழித்துவிடலாம். இலவச 15 ஜிபி இடம் மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்துத்தான் என்பதால் இது அடிக்கடி பயன்படும்.

இணையத்தில் தேடுவது

இங்கே நிலைமை தலைகீழ். விடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. இருக்கிறதா என்றும் தெரியாது. பல சமயம் அதற்கு என்ன பெயர் என்றே தெரியாது. அந்தக் கடைசிச் சிக்கல்தான் பெரிது.

அதே அத்தை வீட்டு மாமாவின் கதை. தோப்பில் மரங்களின் கீழ் ஓலைகள் கரி பூசியதுபோல் கறுத்துக்கொண்டே வந்தன. மாமா போனில் மைக்கைத் தொட்டு, "தென்னை ஓலை கருப்பாகுது என்ன செய்ய" என்று பேசித் தேடினார். கருந்தலைப் புழு, உரக்கடை விளம்பரம், சம்பந்தமில்லாத வீடியோக்கள் என்று வந்தன. கூகுள் இப்போதெல்லாம் நாம் பேசுவதைப் புரிந்துகொள்ள முயல்கிறது, உண்மைதான். ஆனால் விவசாய அறிவியலாளர் எழுதிய பக்கத்தில் 'கருப்பாகுது' என்ற சொல் இருக்காது.

நாங்கள் படிப்படியாகப் போனோம். முதல் தேடலின் முடிவுகளை மேலோட்டமாக ஓட்டிப் பார்த்ததில் ஒரு பக்கத்தில் 'கரும்பூசணம்' என்ற சொல்லும் 'வெள்ளை ஈ' என்ற சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு இரண்டாவது தேடல்: 'தென்னை வெள்ளை ஈ கரும்பூசணம்'. இப்போது முழுப்பெயர் கிடைத்துவிட்டது: ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 2016-இல், பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஓலையின் அடிப்பக்கம் சுருள் சுருளாக முட்டையிட்டு, சாற்றை உறிஞ்சுகிறது. அது வெளியேற்றும் தேன்போன்ற கழிவு கீழ் ஓலைகளில் சொட்டி, அதன்மேல் பூசணம் வளர்ந்து கறுக்கிறது. மாமா பார்த்த கறுப்பு, பூச்சி விட்ட தடயம்தான். பூச்சி இருந்தது மேலே உள்ள ஓலையின் அடியில். 'கருப்பு' என்று தேடும்வரை விடைக்குப் பக்கத்தில் போகவே முடியாது.

மூன்றாவது தேடலில், யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்தோம். 'சைட்:' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விடாமல் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணைய முகவரியை (டிஎன்ஏயூ.ஏசி.இன்) சேர்த்தால், அந்தத் தளத்துக்குள் இருக்கும் பக்கங்கள் மட்டும் வரும். மஞ்சள் ஒட்டுப்பொறி, வெள்ளை ஈயை அழிக்கும் எதிரி ஒட்டுண்ணியான என்கார்சியா, கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் அந்த ஒட்டுண்ணியும் செத்துப்போகும் என்பது வரை அங்கே படித்தார். கடைக்காரர் சொன்ன மருந்தை அடிக்கும் யோசனையை அன்று மாலையே விட்டார்.

முதல் தேடலில் விடை கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த தேடலுக்கான சொல் கிடைத்தால் போதும். உடம்புக்கு ஒரு தொந்தரவு என்றாலும், பட்டா மாற்றம் என்றாலும், மோட்டார் ரிப்பேர் என்றாலும் இதே படிதான்: நம் சொல்லில் தொடங்கி, துறைக்காரரின் சொல்லைப் பிடித்து, அதை வைத்து மறுபடி தேடுவது.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில், அதே வடிவில் உள்ள பக்கங்கள்தான் வரும். ஒரு செய்யுள் அடி அரைகுறையாக நினைவிருக்கிறது, முழுப்பாடல் வேண்டும் என்றால் இது அருமருந்து. கழித்தல் குறியை ஒட்டி ஒரு சொல் அடித்தால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். 'சேரன்' என்று தேடுபவருக்கு அரசரும் வருவார், திரைப்பட இயக்குநரும் வருவார், கோவை ரயிலும் வரும். 'சேரன் -ரயில் -இயக்குநர்' என்றால் அரசர்கள் முன்னே வருவார்கள். 'ஃபைல்டைப்:பிடிஎஃப்' என்றால் பிடிஎஃப் மட்டும். அரசாணை, பாடத்திட்டம், விண்ணப்பப் படிவம் தேடுவோர் இதைக் கைவசம் வைத்திருக்க வேண்டும். நீண்ட பக்கத்தைத் திறந்துவிட்டு எங்கே என்று தேடித் தவிக்காதீர்கள். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்துங்கள், செல்போனில் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் பக்கத்துக்குள் தேடும் வசதி இருக்கிறது.

தமிழில் தேடும்போது

தமிழில் தேடுபவர்களுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஆங்கில வழிகாட்டிகளில் இவை இருக்காது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நம் சொற்கள் உருபு ஏறியதும் உருமாறிவிடும். 'மரம்' என்பது மரத்தில், மரத்துக்கு, மரங்களின் என்று ஆகும்போது அடிச்சொல்லே மாறிப்போகிறது. கூகுள் ஓரளவு சமாளிக்கும். மெயில் பெட்டியும் பக்கத்துக்குள் தேடும் வசதியும் அப்படியல்ல. பக்கத்துக்குள் தேடும்போது மாறாத பகுதியை மட்டும் அடிப்பது என் வழக்கம்: 'மரம்' என்று அடிக்காமல் 'மர' என்று அடித்தால் எல்லா வடிவமும் சிக்கும். ஜிமெயிலில் துண்டுச் சொல் செல்லாது. அங்கே 'மரம்', 'மரத்தில்' என்று வடிவங்களை ஒவ்வொன்றாக முயல வேண்டும், அல்லது நடுவே 'அல்லது' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். ஊர்ப் பெயர்களுக்கும் இது உதவும்: தஞ்சை, தஞ்சாவூர், நெல்லை, திருநெல்வேலி, கோவை, கோயம்புத்தூர். ஒன்றை மட்டும் தேடினால் பாதி விடை கைநழுவும்.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத தவறு. 'ஔவையார்', 'ஒளவையார்' இரண்டையும் உற்றுப் பாருங்கள். முதலாவதில் ஔ என்ற ஓர் எழுத்து. இரண்டாவதில் ஒ, ள என்ற இரண்டு எழுத்துகள். 'கௌசல்யா', 'கெளசல்யா' என்பதும் இப்படியே. நம் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது கணினிக்கு இருவேறு சொல். பக்கத்துக்குள் தேடினால் நிச்சயம் தவறவிடும். பெயர்ப் பட்டியலில் ஒருவர் பெயர் இல்லை என்று முடிவு கட்டுமுன் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

பழைய ஆவணங்களில் இன்னொரு மதில். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுமுன் தமிழை ஆளுக்கொரு எழுத்துருவில், ஆளுக்கொரு குறியீட்டில் அடித்தோம். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஏற்றதே 2010-இல்தான். அதற்கு முந்தைய பல பிடிஎஃப்கள் திறந்தால் நல்ல தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். தேடுபொறி பார்ப்பது அந்தக் குப்பையைத்தான். ஆகவே உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லால் அதைப் பிடிக்க முடியாது. அத்தகைய ஆவணத்தை ஆங்கிலத் தலைப்பு, துறையின் பெயர், ஆண்டு, ஆணை எண் ஆகியவற்றால் தேடுங்கள். பழைய நூல் என்றால் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தொகுத்து வைத்திருக்கும் மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு நூலகம் தளம் என்று நேராகப் போய், நூற்பட்டியலில் பார்ப்பது விரைவு.

ஒரே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கியின் அல்லது கூரியரின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அடிக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை இணையத்தில் பரப்பி வைத்துக் காத்திருக்கிறார்கள். ஓடிபி கேட்டு வாங்கிப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். எண் உங்கள் பாஸ்புக்கில், அட்டையின் பின்புறத்தில், நிறுவனத்தின் சொந்தச் செயலியில் இருக்கிறது. முடிவுகளின் தலையில் 'ஸ்பான்சர்டு' என்று இருந்தால் அது காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அரசுச் சேவை என்றால் முகவரி 'ஜிஓவி.இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். இப்போது மேலே வரும் ஏஐ சுருக்கத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். மருந்தின் அளவு, கடைசித் தேதி, கட்டணம் இந்த மூன்றையும் அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

அத்தை இப்போது ஒரு வேலை செய்கிறார். நான் சொல்லிக்கொடுத்தது பாதி, அவராகக் கண்டுபிடித்தது பாதி. முக்கியமான மெயில் எது வந்தாலும் அதைத் தனக்கே ஃபார்வர்டு செய்கிறார், தலைப்பை அழித்துவிட்டுத் தன் சொல்லில் எழுதி. அடுத்த வருடம் தேடப்போவது அவர்தானே, அவர் வாயில் எந்தச் சொல் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். போன வாரம் அவர் போனை வாங்கிப் பார்த்தேன். 'தோட்டத்து மோட்டார் பில் வாரண்டி', 'மாமா கண் டாக்டர் சீட்டு', 'ஆடிட்டர் கேக்கற ரசீது 2025' என்று வரிசையாக இருந்தது.